படுத்த ஆனையும் குதிரை மட்டமும்

பல்கலைக்கழகக் கூடைப்பந்துப் போட்டிகள் நெருங்கும்போது பெங்களூரில் ஒரு பேச்சு கிளம்பும். ஒக்கலிபுரத்தில் ரயில் பாதையின் கீழ் நுழைந்து ஸ்ரீராம்புரம் பக்கம் டீ குடிக்க ஒதுங்கினாலும் அது காதில் விழும். கண்டீரவா உள்ளரங்கின் படியில் போய் உட்கார்ந்தாலும் விழும். “சென்டர் வந்துட்டான் குரு. முட்டி சரியாயிடுச்சாம். இனி ஃப்ரன்ட்ல கவலையே இல்ல.” கேட்பவர்கள் தலையாட்டுவார்கள். முட்டி முழுக்கச் சரியாயிற்றா என்று யாராவது இழுத்தால், பெரியவர் ஒருவர் பழமொழியைப் போட்டு அவர் வாயை அடைப்பார்: ஆனை படுத்தால் குதிரை மட்டம். ஆறரை அடி ஆள் நொண்டினாலும் ஆறரை அடிதானே!

இந்தப் பேச்சு தவறு என்பது என் கட்சி. பாதி சரி, பாதி மிகை என்றெல்லாம் மழுப்பப் போவதில்லை. அடிபட்ட சென்டர் எப்போது திரும்புகிறான் என்பதைக் கொண்டு ஒரு கல்லூரி அணியின் பலத்தை அளப்பவர்கள் கணக்கைத் தலைகீழாகப் போடுகிறார்கள். அவனை எத்தனை நாள் நிம்மதியாக உட்காரவைக்க முடிகிறதோ, அதுதான் அந்த அணியின் பலம். அவசரமாக அவனைக் கூப்பிட வேண்டியிருக்கிறது என்றால் முன்வரிசை காலி என்று பொருள். அவன் வந்து நின்ற பிறகும் அது காலியாகத்தான் இருக்கும், ஓர் ஆளைத் தவிர.

எதிர்த்தரப்பைப் பொம்மையாக்கிவிட்டு அடிப்பதில் வீரம் இல்லை. அவர்கள் சொல்வதில் சாரம் உண்டு. அதை மூன்று வாதங்களாகப் பிரிக்கலாம். முதலாவது, உயரத்தைச் சொல்லிக்கொடுக்க முடியாது. பந்து போடவும் பாஸ் கொடுக்கவும் கற்றுத்தரலாம், எலும்பை நீட்ட எந்தக் கோச்சாலும் ஆகாது. இரண்டாவது, பெரிய ஆள் களத்தில் வந்து நின்றாலே மற்ற நான்கு பேருக்கும் தெம்பு வரும், எதிரணிக்கு வயிற்றைக் கலக்கும். மூன்றாவது, கல்லூரி வாழ்க்கை மூன்று நான்கு வருடம்தான். அந்தப் பையனுக்கு ரயில்வேயிலோ வங்கியிலோ விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைக்க வேண்டுமானால் இந்த வருடம் அவன் ஆடியே ஆக வேண்டும். மூன்றும் கேட்க நியாயமாகத்தான் இருக்கின்றன. ஒவ்வொன்றாக உரசிப் பார்ப்போம்.

அதற்கு முன் ஒரு சின்னக் கூட்டல் கழித்தல். சர்வதேச விதிப்படி ஆட்டம் 40 நிமிடம். களத்தில் 5 பேர். ஆக ஒவ்வோர் அணியும் நிரப்ப வேண்டியது மொத்தம் 200 ஆள்-நிமிடம். அதில் வளையத்தடியில் முட்டி மோதும் இரண்டு இடங்களுக்கு மட்டும் 80 நிமிடம் போகும். பல மாதம் கழித்து வரும் சென்டர், எல்லாம் நல்லபடி நடந்தால், 25 நிமிடம் ஆடுவான் என்று வைத்துக்கொள்ளலாம். அது தாராளமான மதிப்பீடு. மீதி 55 நிமிடத்தை யார் ஆடப்போகிறார்கள்? ஊர் முழுக்க அந்த 25 நிமிடத்தைப் பற்றிப் பேசுகிறது. 55 நிமிடத்தைப் பற்றிப் பேச ஒருவரும் இல்லை. ஆனால் ஆட்டம் பெரும்பாலும் தோற்பது அங்கேதான்.

இதோடு ஃபவுலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒருவனுக்கு ஐந்து ஃபவுல். ஐந்தாவதில் வெளியே போக வேண்டியதுதான். ஒரு கால் பகுதியில் அணியின் ஃபவுல் நான்கைத் தாண்டினால் அடுத்த ஒவ்வொன்றுக்கும் எதிரணி கோட்டில் நின்று இரண்டு ஃப்ரீ த்ரோ போடும். ஃபவுல் எப்படி விழுகிறது? முரட்டுத்தனத்தால் விழுவது கொஞ்சம். அரையடி தாமதமாக வருவதால் விழுவதே அதிகம். கால் முன்பு போன இடத்துக்கு இப்போது போகாது. மனம் போகும், கை போகும், உடம்பு பின்னால் வரும். விசில் ஊதிவிடும். மாதக்கணக்கில் ஓடாத ஒருவன் முதல் ஆட்டங்களில் இப்படித்தான் இருப்பான். எதிரணிக் கோச்சுக்கு இது தெரியாதா? முதல் ஐந்து நிமிடம் முழுக்கப் பந்தை அவன் மீதே ஓட்டச் சொல்வார். இரண்டாவது ஃபவுல் விழுந்ததும் நம் கோச் அவனை வெளியே இழுப்பார். அப்போது பெஞ்சில் யார் பக்கம் திரும்புவார்?

அந்தப் பெஞ்சில் நான் உட்கார்ந்திருக்கிறேன். அதனால் இதில் எனக்குச் சொந்தக் கணக்கும் உண்டு என்பதை மறைக்கவில்லை. என் கல்லூரி அணியில் நான் மூன்றாவது போஸ்ட், அதாவது வளையத்தடியில் ஆடும் மூன்றாவது ஆள். தெருவில் ஆடும்போது ஒப்புக்குச் சப்பாணி என்று ஒருவரைச் சேர்த்துக்கொள்வோமே, அந்த இடம். ஆட்டம் இருபது புள்ளி வித்தியாசத்தில் முடிவாகிவிட்ட பிறகு இரண்டு நிமிடம் இறக்குவார்கள். மீதி நேரம் தண்ணீர் பாட்டில் நீட்டுவதும் கைதட்டுவதும் என் வேலை. எங்கள் சென்டருக்கு ஒரு மாலை முட்டியில் ஏ.சி.எல். நார் கிழிந்தது. கோச் திரும்பிப் பார்த்தபோது பெஞ்சில் இருந்தது நான். என் உயரத்தில் குறையில்லை. ஆனால் நெருக்கடியான ஒரு நிமிடம்கூட ஆடிப் பழகாத கால்கள் என்னுடையவை. அன்று தோற்றோம். அடுத்த பருவத்துக்கு ஐந்தே மாதத்தில் அவனைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். “டேய், நீ ஓட வேணாம், நின்னா போதும்டா” என்றார்கள். அவன் நின்றான். இரண்டாவது ஆட்டத்தில் ஒரு ரீபவுண்டுக்குக் குதித்து இறங்கினான். பக்கத்தில் யாரும் இல்லை, யாரும் இடிக்கவில்லை. அதே முட்டி. இன்று அவன் படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குகிறான். அவன் திரும்பி வந்த நாளில் கல்லூரி வாசலில் பட்டாசு வெடித்தவர்களில் நானும் ஒருவன்.

இப்போது முதல் வாதத்துக்கு வருவோம். உயரத்தைச் சொல்லிக்கொடுக்க முடியாது, உண்மை. ஆனால் ரீபவுண்டைச் சொல்லிக்கொடுக்கலாம். டென்னிஸ் ராட்மன் ஆறடி ஏழு அங்குலம். நம் ஊரில் அது மலை, அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வின் வளையத்தடியில் அது சாதாரணம். அவர் 1992 முதல் 1998 வரை தொடர்ந்து ஏழு பருவம் ரீபவுண்டில் முதலிடம். அவரைவிடக் குள்ளமான சார்லஸ் பார்க்லி 1986-87 பருவத்தில் அதே முதலிடத்தைப் பிடித்தார். பந்து பலகையில் எங்கே பட்டால் எங்கே தெறிக்கும் என்ற கணிப்பு, எதிராளியை முதுகால் அடைத்து நிற்கும் பாக்ஸ் அவுட், இரண்டாவது முறையும் மூன்றாவது முறையும் குதிக்கிற மூச்சு: மூன்றும் பயிற்சியில் வருபவை. மறுபக்கம் பாருங்கள். ஏழடி இரண்டு அங்குலம் உயரமுள்ள பஞ்சாபின் சத்னாம் சிங்கை 2015-இல் டல்லாஸ் அணி 52-ஆவது தேர்வாக எடுத்தபோது நாடே கொண்டாடியது. இந்தியாவில் பிறந்து அப்படித் தேர்வான முதல் ஆள் அவர். ஆனால் என்.பி.ஏ.வில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. உழைப்பில் அவரைக் குறை சொல்ல நமக்குத் தகுதியில்லை. உயரம் கதவைத் திறந்து கொடுக்கும், உள்ளே நடக்கக் கால்தான் வேண்டும் என்பதற்குத்தான் அவரைச் சொல்கிறேன்.

உயரமும் இருந்து, ஆட்டமும் இருந்து, அடிபட்டுத் திரும்பியும் வந்த சென்டர் ஒருவன் அணியைக் கரை சேர்த்தானா? கல்லூரிக் கூடைப்பந்தின் வரலாற்றில் இதற்கு ஒரு தெளிவான பரிசோதனை நடந்திருக்கிறது. கிரெக் ஓடன், ஏழடி. 2006 ஜூனில் வலது மணிக்கட்டில் அறுவைச் சிகிச்சை. ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்காக முதல் ஏழு ஆட்டங்கள் அவரால் ஆட முடியவில்லை. அணி அவற்றில் ஆறை வென்றது. டிசம்பரில் அவர் வந்தார். வலக்கை தேறாததால் ஃப்ரீ த்ரோவை இடக்கையால் போட்டார். அதே மாதம் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்திடம் 86–60 என்று அடி வாங்கினார்கள். பிறகு அணி மளமளவென வென்று, 2007 ஏப்ரல் 2 அன்று அட்லாண்டாவில் நடந்த தேசிய இறுதியாட்டத்துக்கு வந்தது. எதிரே மறுபடியும் ஃபுளோரிடா.

அன்று ஓடன் என்ன குறை வைத்தார்? 25 புள்ளி, 12 ரீபவுண்ட். திரும்பி வரும் சென்டரிடம் நம் டீக்கடை எதிர்பார்ப்பது எதுவோ, அதற்கு மேலேயே செய்தார். ஒஹாயோ 84–75 என்று தோற்றது. ஃபுளோரிடாவின் முன்வரிசையைப் பாருங்கள்: யோவாகிம் நோவா, அல் ஹார்ஃபோர்ட், பெஞ்சிலிருந்து கிறிஸ் ரிச்சர்ட். மூன்று பெரிய ஆட்கள், ஆளுக்கு ஐந்தாகப் பதினைந்து ஃபவுல். ஒருவன் ஓடனிடம் முட்டி மோதிக் களைத்தால் அடுத்தவன் புதுக்காலோடு வருவான். ஓடன் ஒற்றையாக உள்ளே போட்டால் போட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டு, வெளியிலிருந்து எறிபவர்களை இறுக்கிப் பிடித்தார்கள். ஒஹாயோ எறிந்த 23 மூன்று புள்ளிப் பந்துகளில் விழுந்தவை 4. ஹார்ஃபோர்ட் தன் பங்குக்கு 18 புள்ளி, 12 ரீபவுண்ட் எடுத்தார். ஒரு பக்கம் ஆனை, மறுபக்கம் மாற்றி மாற்றி ஓட மூன்று குதிரை. கோப்பையைக் குதிரைகள் கொண்டுபோயின. தொடர்ந்து இரண்டாவது ஆண்டாக.

இரண்டாவது வாதம், வந்து நின்றாலே தெம்பு என்பது. இதற்குக் கூடைப்பந்துக்காரர்கள் எல்லோரும் எடுத்துக்காட்டுவது ஒரே சம்பவம்: 1970 மே 8, நியூயார்க், வில்லிஸ் ரீட். தொடைத் தசை கிழிந்த சென்டர், ஊசி போட்டுக்கொண்டு, நொண்டிக்கொண்டே என்.பி.ஏ. இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்துக்குள் வந்தார். முதல் இரண்டு எறிகளையும் கூடையில் போட்டார். அரங்கம் கூரை பிய்ந்துபோகும்படி கத்தியது. நியூயார்க் 113–99 என்று வென்று பட்டம் எடுத்தது. கேட்கும்போதே மயிர்க்கூச்செறிகிறது. எனக்கும்தான். ஆனால் கதையை அங்கேயே நிறுத்தாமல் புள்ளிப் பட்டியலைப் புரட்டுங்கள். ரீட் அன்று எடுத்த மொத்தப் புள்ளி 4. வால்ட் ஃப்ரேசியர் என்ற கார்டு 36 புள்ளி எடுத்து, 19 பாஸ்களால் மற்றவர்களைப் போடவைத்தார். பட்டத்தைத் தூக்கியது அந்தக் கை. நினைவில் நின்றது நொண்டிய கால்.

அதே தொடரில் இன்னும் இரண்டு ஆட்டங்கள் உண்டு. அவற்றையும் நேர்மையாகச் சொல்கிறேன். ஐந்தாவது ஆட்டத்தின் முதல் பகுதியிலேயே ரீட் விழுந்தார். சென்டரே இல்லாமல், குள்ளமான ஆட்களை வைத்து, எதிரணிச் சென்டர் வில்ட் சேம்பர்லினைச் சுற்றி வளைத்துப் பந்தைப் பறித்து, பாதி ஆட்டத்தில் 13 புள்ளி பின்தங்கியிருந்த நியூயார்க் 107–100 என்று வென்றது. ஆறாவது ஆட்டத்தில் அந்த வித்தை பலிக்கவில்லை. சேம்பர்லின் 45 புள்ளி, 27 ரீபவுண்ட் எடுத்து நொறுக்கினார், 135–113. எதிர்த்தரப்பு இந்த ஆறாவது ஆட்டத்தைப் பிடித்துக்கொள்ளலாம். பார்த்தாயா, சென்டர் இல்லாவிட்டால் இதுதான் கதி என்று கேட்கலாம். கேட்கட்டும். பெரிய ஆள் தேவையில்லை என்று நான் எங்கே சொன்னேன்? ஒரே ஒரு பெரிய ஆள் மட்டும் இருப்பது போதாது என்கிறேன். ஆறாவது ஆட்டம் என் பக்கச் சாட்சி.

தெம்பின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 1968 ஜனவரி 20, ஹூஸ்டன் நகரின் ஆஸ்ட்ரோடோம், 52,693 பேர் கூட்டம். 47 ஆட்டங்களாகத் தோல்வியே அறியாத யு.சி.எல்.ஏ. கல்லூரி, அதன் சென்டர் லூ அல்சிண்டர், பிற்காலத்தின் கரீம் அப்துல் ஜப்பார். அதற்குச் சில நாள் முன் ஓர் ஆட்டத்தில் எதிராளியின் விரல் பட்டு அவர் கண்ணின் கருவிழியில் கீறல். இரண்டு ஆட்டம் உட்கார்ந்தார். அவர் இல்லாமலே அணி இரண்டையும் வென்றது. பெரிய ஆட்டம் என்பதால் ஹூஸ்டனில் இறங்கினார். 18 முறை எறிந்து 4 மட்டுமே கூடையில் விழுந்தது. எதிரணியின் எல்வின் ஹேய்ஸ் 39 புள்ளி எடுத்தார். 71–69, யு.சி.எல்.ஏ. தோற்றது. உலகம் கண்ட மிகச் சிறந்த கல்லூரி சென்டருக்கே, முழுதாகத் தேறாத உடம்பு இந்தக் கணக்கைத்தான் கொடுத்தது. இரண்டு மாதம் கழித்து, கண் சரியான பிறகு, அதே இரு அணிகள் தேசியப் போட்டியின் அரையிறுதியில் மோதின. யு.சி.எல்.ஏ. 101, ஹூஸ்டன் 69. ஒரே ஆள், ஒரே எதிரி. நடுவில் போனது இரண்டு மாதம்.

இடையில் ஒரு கேள்வி. நெருக்கமான ஆட்டங்களில் ஒரு ரீபவுண்ட்தானே தீர்மானிக்கிறது, அந்த ஒன்றை எடுக்க உயரமான ஆள் வேண்டாமா என்று கேட்பார்கள். ஒக்கலிபுரத்திலிருந்து சில கிலோமீட்டரில் இருக்கும் கண்டீரவா அரங்கில் 2017 ஜூலையில் ஆசியக் கோப்பை பெண்கள் போட்டி நடந்தது. பி பிரிவின் இறுதியில் இந்தியா கஜகஸ்தானை 75–73 என்று வென்று மேல் பிரிவுக்கு ஏறியது. இரண்டே புள்ளி, ஆம், ஒரு ரீபவுண்ட் தூரம். ஆனால் அப்படியான ஆட்டத்தின் கடைசி இரண்டு நிமிடத்தில் அந்தப் பந்தை யார் எடுப்பார்? 38 நிமிடம் ஓடிய கால் எடுக்குமா, 20 நிமிடம் ஓய்ந்து வந்த கால் எடுக்குமா? நம் பல்கலைக்கழகப் போட்டிகளில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகும். அங்கே ஆட்டங்கள் நாள் தவறாமல் அடுத்தடுத்து வரும். அணிகள் ஸ்லீப்பர் பெட்டியில் இரவெல்லாம் பயணம் செய்து காலையில் இறங்கும். ஆறரை அடிப் பையன் பெர்த்தில் கால் நீட்ட முடியாமல், முட்டியை மடக்கியோ வழியில் தொங்கவிட்டோ படுத்து வந்திருப்பான். அந்த முட்டியை நம்பித்தான் நாலு நாள் தொடரை ஓட்டப் போகிறோமா?

அந்த முட்டியைப் பற்றியும் கொஞ்சம் பேசியாக வேண்டும். ஏ.சி.எல். என்பது முட்டியின் உள்ளே குறுக்காக ஓடி, தொடை எலும்புக்குக் கீழே கால் எலும்பு முன்னால் வழுக்காமல் பிடித்திருக்கும் நார். குதித்து இறங்கும்போதும், ஓடிக்கொண்டே சட்டென்று திரும்பும்போதும்தான் அது பெரும்பாலும் கிழிகிறது. மோதலால் கிழிவது குறைவு. அறுவைச் சிகிச்சையில் உடம்பின் வேறு இடத்திலிருந்து எடுத்த நாரை அங்கே வைப்பார்கள். அது முட்டிக்குப் பழகி உரம் ஏற மாதங்கள் ஆகும். வலி அதற்கு வெகு முன்பே போய்விடும். ஆபத்து இங்கேதான். வலி இல்லை, வீக்கம் இல்லை, ஸ்கேன் நன்றாக இருக்கிறது, ஆகவே ஆடலாம் என்கிறார்கள். மூன்றும் சேர்ந்தாலும் ‘ஆடலாம்’ என்பது வராது.

நார்வே, அமெரிக்க ஆய்வாளர்கள் சேர்ந்து 2016-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு ஒன்பது மாதம் வரை, திரும்புவதைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதத்துக்கும் மறுபடி முட்டி அடிபடும் வீதம் 51 சதவீதம் குறைந்தது. தொடைத் தசையின் பலம், ஒற்றைக் காலில் தாவும் தூரம் போன்ற சோதனைகளில் தேறாமல் திரும்பியவர்களில் 38.2 சதவீதம் பேர் மீண்டும் அடிபட்டார்கள். தேறித் திரும்பியவர்களில் 5.6 சதவீதம் பேர். ஏறக்குறைய ஏழு மடங்கு வித்தியாசம்! சோதனைக்கு வேண்டியது என்ன? ஓர் அளவு நாடா, தரையில் ஒரு கோடு, விவரம் தெரிந்த ஒரு பிசியோ. தொடைத் தசையின் பலத்தை அளக்கத்தான் கருவி வேண்டும், அது நகரத்தில் கிடைக்கும். பெண்கள் அணிகளுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும், கூடைப்பந்தில் ஏ.சி.எல். கிழிவது ஆண்களைவிடப் பெண்களுக்குப் பல மடங்கு அதிகம். ஆனால் நாம் முட்டியில் கிரேப் பேண்டேஜைச் சுற்றி, ஸ்பிரேயை அடித்து, நெற்றியில் விபூதியை இட்டு அனுப்புகிறோம். விபூதியைக் குறை சொல்லவில்லை. அதையே சோதனையாக வைத்துக்கொள்வதைத்தான் சொல்கிறேன்.

வலியை மட்டும் அடக்கி ஆடவைத்தால் என்ன ஆகும் என்பதற்குப் பில் வால்டன் போதும். கல்லூரியில் அல்சிண்டருக்குப் பின் வந்த மாபெரும் சென்டர். 1978-இல் போர்ட்லண்ட் அணி முதல் 60 ஆட்டங்களில் 50 வென்றிருந்தபோது அவர் பாதத்தில் அடி. இறுதிச் சுற்றுகளுக்குத் திரும்பினார். சியாட்டலுக்கு எதிரான இரண்டாவது ஆட்டத்துக்கு வலி தெரியாமலிருக்க ஊசி. பிறகு பார்த்தால் பாத எலும்பு ஒன்று முறிந்திருந்தது. அந்தத் தொடரையும் அணி தோற்றது. அடுத்த பருவம் முழுவதும் அவர் ஆடவில்லை. அடிபட்ட 1978-இன் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருது அவருக்குத்தான். விருது பெற்ற கால் அது.

மூன்றாவது வாதம்தான் எனக்குக் கடினமானது, ஏனென்றால் அது பசியிலிருந்து வருகிறது. ஒக்கலிபுரத்தில் வளர்ந்தவனுக்கு ரயில்வே வேலை என்றால் என்ன என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. தாத்தா காலத்திலிருந்து தண்டவாளத்தின் ஓசையிலேயே தூங்கி எழுந்த தமிழ்க் குடும்பங்கள் இங்கே ஏராளம். ரயில்வே, சென்னையின் பெட்டித் தொழிற்சாலை, வங்கிகள், வருமான வரி, காவல்துறை என்று கூடைப்பந்து ஆடி உள்ளே போனவர்கள் பல குடும்பங்களைக் கைதூக்கி விட்டிருக்கிறார்கள். “இந்த வருஷம் ஆடலைன்னா சான்ஸ் போயிடும்ணா” என்று ஒரு பையன் சொன்னால் அதைச் சிரித்து ஒதுக்க எனக்கு மனம் வராது.

ஆனால் அந்த வேலைக்கும் ட்ரையல் உண்டு. அங்கே ஓடச் சொல்வார்கள், குதிக்கச் சொல்வார்கள். இரண்டாவது முறை கிழிந்த முட்டியோடு அங்கே போய் நிற்பவனுக்கு, போன வருடம் கல்லூரி வாங்கிய கோப்பையின் புகைப்படம் என்ன செய்யும்? வாய்ப்பு ஒருமுறைதான் என்று பயமுறுத்துகிறவர்கள், முட்டியும் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒன்றுதான் என்பதை வசதியாக மறந்துவிடுகிறார்கள். காத்திருந்தவன் கெட்டான் என்பதற்குச் சான்று காட்டட்டும். காத்திருந்து வென்றவனை நான் காட்டுகிறேன். ஜோயல் எம்பீட், 2014-இல் கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் சென்டர். முதுகெலும்பில் அழுத்த முறிவு. தேசியப் போட்டியில் ஆடவில்லை. அணி ஸ்டான்ஃபோர்டிடம் 60–57 என்று தோற்று வெளியேறியது. அவரை இறக்கியிருந்தால் அந்த மூன்று புள்ளி கிடைத்திருக்குமோ என்று அன்று எத்தனை பேர் பொருமியிருப்பார்கள்! பிறகு பாத எலும்பு முறிவால் முழுதாக இரண்டு பருவம் ஆடவில்லை. 2016-இல்தான் என்.பி.ஏ.வில் முதல் ஆட்டம். 2023-இல் அந்த லீக்கின் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர்.

எதிர்த்தரப்பின் கையில் இருக்கும் பலமான அம்பு கென்யன் மார்ட்டின். 2000-ஆம் ஆண்டு, சின்சினாட்டி பல்கலைக்கழகம் நாட்டில் முதலிடம். மார்ச்சில் அவர் கால் எலும்பு முறிந்தது. தேசியப் போட்டியின் இரண்டாவது சுற்றிலேயே அணி டல்சாவிடம் தோற்றது. பெரிய ஆள் போனான், அணி போனது. இந்த அம்பை நான் தட்டிவிடப் போவதில்லை. ஒருவன் விழுந்ததும் முதலிட அணி மண்ணைக் கவ்வுகிறது என்றால் அது ஒருவனை நம்பி நின்ற அணி. மார்ட்டினை அவசரமாக இழுத்துவர வழியும் இருக்கவில்லை. எலும்பு முறிந்தவனை யாரும் ஓடச் சொல்ல முடியாது. அதனால் அவர் தப்பினார். ஜூனில் என்.பி.ஏ. தேர்வில் முதல் ஆளாக எடுக்கப்பட்டார். கிழிந்த நார் வெளியே தெரியாது என்பதால்தான் நம் பையன்களுக்கு இந்த அதிர்ஷ்டம் கிடைப்பதில்லை.

அப்படியானால் என்ன செய்வது? நான் கேட்பதில் ஆகாயக் கோட்டை எதுவும் இல்லை. இரண்டாவது, மூன்றாவது போஸ்டுக்கு லீக் ஆட்டங்களில், ஆட்டம் சமநிலையில் இருக்கும்போதே, முதல் பாதியிலேயே நிமிடங்கள் கொடுங்கள். சென்டர் நல்ல உடம்போடு இருக்கும் காலத்திலேயே கொடுங்கள். அதனால் ஒன்றிரண்டு லீக் ஆட்டம் தோற்கலாம். தோற்றுப்போங்கள், ஒன்றும் குடிமுழுகாது. திரும்பி வருபவனைப் படிப்படியாக இறக்குங்கள்: தனியாக ஓட்டம், பிறகு மோதல் இல்லாத பயிற்சி, பிறகு முழுப் பயிற்சி, பிறகு சின்ன ஆட்டத்தில் எட்டுப் பத்து நிமிடம். கால் இறுதியில் முதல் ஐவரில் ஒருவனாக அவனைத் திடீரென்று அறிவிப்பது வாணவேடிக்கை. பார்க்க அழகு, முடிவில் புகை.

முக்கியமானது, தீர்ப்பை யார் சொல்வது என்பது. அமெரிக்காவின் அன்றைய ஐந்து பெரிய கல்லூரி லீக்குகள் 2016-இல் ஒரு விதி செய்தன: அடிபட்டவன் எப்போது ஆடலாம் என்பது மருத்துவக் குழுவின் முடிவு, கோச் அதில் கை வைக்க முடியாது. அங்கே அடிபட்டு ஒரு பருவத்தை இழந்தவனுக்கு இன்னொரு பருவம் ஆட அனுமதி கிடைக்கவும் வழி உண்டு. பெங்களூரின் சஞ்சனா ரமேஷ் 2019-இல் வடக்கு அரிசோனா பல்கலைக்கழகத்துக்கு ஆடப் போனபோது, உதவித்தொகையோடு இப்படியொரு ஏற்பாடுள்ள உலகத்துக்கும் போனார். நம் கல்லூரிகள் அவ்வளவு பணம் செலவழிக்க வேண்டாம். அடிபட்ட வருடத்தில் கட்டணச் சலுகையும் விடுதி அறையும் பறிபோகாது என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். “நான் ரெடி சார்” என்று பையன்கள் சொல்லும் பொய்களில் பாதி அன்றே நின்றுபோகும். அவர்கள் முட்டியை நம்பி அந்தப் பொய்யைச் சொல்வதில்லை; விடுதிச் சாப்பாட்டை நினைத்துச் சொல்கிறார்கள்.

கடைசியாக அந்தப் பழமொழி. ஆனை படுத்தால் குதிரை மட்டம் என்பது படுத்திருக்கும்போது எடுத்த அளவு. கூடைப்பந்தில் யாரும் படுத்திருப்பவனை அளப்பதில்லை. குதித்து இறங்கும்போது அளக்கிறார்கள், இறங்கிய பின் மறுபடி குதிக்க முடிகிறதா என்று அளக்கிறார்கள். குதிரை மட்டமே போதும் என்றால் பெஞ்சில் குதிரைகளே இருக்கின்றன. காயமில்லாத, ஓடத் துடிக்கிற, இதுவரை பெயர் சொல்லிக் கூப்பிடப்படாத குதிரைகள். அவர்களில் ஒருவனாக நான் இருந்தேன். என்னை இருபது ஆட்டங்களுக்கு முன்பே ஓடவிட்டிருந்தால், எங்கள் ஆனை தன் ஒன்பது மாதத்தையும் படுத்து முடித்துவிட்டுத் தானாக எழுந்திருக்கும்.